தெற்கே போயிருக்கிறான்

கடலூர்க் காற்றில் உப்பு இருக்கிறது, டயருக்கு ஆகாது, சிதம்பரத்துக்குப் போய்க் காற்றடித்தால் ஆறு மாதத்துக்கு இறங்காது என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியோடு வந்து நின்றார். நாலு டயரையும் காலால் தட்டிக் காட்டி, "நீ சொன்னது சரிதாண்டா மாப்ள. சிதம்பரத்துக் காத்து கும்முனு நிக்கிது" என்றார். போக வர ஐம்பது மைலுக்கு மேல். யோசனை சொன்னவனுக்கு என்று ஒரு தூக்கில் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் வேறு வாங்கி வந்திருந்தார்.

கூட வேலை செய்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தை உடைத்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. "நீ சொன்னே, நான் நம்புனேன். இதுல யாரு மேல தப்பு சொல்றது?" என்று தூக்கின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் வெட்கமில்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன்.

கடலூர் முதுநகரில் அவர் வீட்டுச் சுவரும் நான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சுவரும் ஒன்று. கீரப்பாளையத்தில் நெல் விளைக்கிற குடும்பத்தில் பிறந்து, இரும்பைத் தேடி வந்தவன் நான். அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் பினாங்கில் பதினைந்து வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தத் தெருவில் முஸ்லிம்கள் எங்களையும் நாங்கள் அவர்களையும் மாமன் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே எனக்கு அவர் மாமா, அவர் மனைவி மாமி. அவர்களுக்கு ஒரே மகன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் கிளார்க். இருபத்திரண்டு வயது. என்னை அண்ணே என்பான்.

யார் எதைச் சொன்னாலும் மாமா நம்பிவிடுவார். நேற்றைய மீனை இன்று விடியற்காலையில் பிடித்தது என்றால் நம்புவார். தண்ணீரில் போட்டாலும் ஓடும் என்று சொல்லி ஒருவன் கொடுத்த கைக்கடிகாரத்தை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, அது நின்ற பிறகும், "நம்ம தண்ணியில உப்பு ஜாஸ்தி, அது வேற தண்ணிக்குச் சொன்னது" என்று விற்றவனுக்காகப் பேசினார். தெருவில் சாமான் விற்கிறவன் குரல் கேட்டால் மாமி அவசர அவசரமாகக் கதவைச் சாத்துவார். அவர் காதில் விழாமல் இருக்க வேண்டுமே.

"எப்படி மாமா இப்படி இருக்கீங்க?" என்று ஒருதரம் கேட்டேன்.

"பினாங்குல போய் எறங்குனப்போ எனக்கு போர்டு படிக்கத் தெரியாது. பாஷை தெரியாது. தொரையையும் தொரைசானியையும் வண்டியில வச்சிக்கிட்டு, ரோட்டுல போற ஆளக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டுனேன். கேட்டா நம்பணும் மாப்ள. நம்பலன்னா ரெண்டு ரோடும் தப்பாத்தான் தெரியும். இந்தப் பதினஞ்சி வருசத்துல நான் எங்கயாவது வழி தெரியாம நின்னேனா?"

அந்தத் துரையிடம் ஒரு வேன் இருந்ததாம். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை. வருஷத்துக்கு ஒருமுறை துரையும் அவர் மனைவியும் அதில் ஏறிக்கொண்டு தீவைச் சுற்றி வருவார்கள். கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, மீன் வாங்கிச் சமைத்துத் தின்று, மணலில் நடந்து, அங்கேயே படுத்து எழுந்து அடுத்த ஊருக்குப் போவார்கள். மாமா ஓட்டுவார். தெலுக் தெலுக் என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். "தொரைசானி மணல்ல செருப்பக் கழட்டிட்டு நடக்கும் மாப்ள. நான் வண்டியில குந்திக்கிட்டு, நம்ம வூட்டுல இருக்கறவளுக்கு இது கெடைக்கலியேன்னு பாத்துக்கிட்டிருப்பேன்" என்பார்.

அதற்காகத்தான் பாண்டிச்சேரியில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய வேனை எடுத்தார். நானும் ஒரு தச்சரும் சேர்ந்து மடக்குக் கட்டில் வைத்தோம், அடுப்புக்குத் தகரம் அடித்தோம், டிரம்மைக் கட்டினோம். திரையை மாமி தைத்தார். கடலை விட்டு அரை மைல் தள்ளி வாழ்ந்தும் கடல் தண்ணீரில் கால் வைத்திராத பெண் அவர். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே ஒவ்வொரு குப்பமாகப் பார்த்துக்கொண்டு கொள்ளிடம் கடலில் விழுகிற இடம் வரைக்கும் போவது என்று ஏற்பாடு. "லீவு சொல்லிட்டேன் அண்ணே. நானும் ஓட்டப் பழகிக்கறேன்" என்றான் மகன்.

மழைக்காலம் முடியவில்லை. ஐப்பசியில் ஒரு நாள், நடுக்கடலில் நின்ற கப்பலுக்கு மூட்டை ஏற்றிப்போன படகு அலையில் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். மூன்று பேரை அடுத்த நாள் அலை கொண்டுவந்து போட்டது. மூட்டைக் கணக்குப் பார்க்க அதில் போயிருந்த மாமாவின் மகனை மட்டும் காணவில்லை.

நாலு நாள் மாமா கரையிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் மாமி பல்லில் தண்ணீர் படாமல் கிடந்தார். உறவுக்காரப் பெண்கள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் மத்தியானம் மாமாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாமி கண் திறந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமி, சித்திரைப்பேட்டைப் பக்கம் ஒரு கட்டுமரத்துக்காரரு யாரோ ஒரு பையனக் கடல்லேருந்து தூக்கி ஏத்திக்கிட்டுப் போனாராம். தெக்கே போச்சாம் அந்தக் கட்டுமரம். கடைத்தெருவுல ஒரு ஆளு சொன்னாரு."

அப்படி ஒரு ஆளே இல்லை. மாமி ஒரு வாய்க் கஞ்சி குடித்தால் போதும் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. மாமி எழுந்து உட்கார்ந்து குடித்தார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனால் மாமா அதற்குள் எழுந்து நின்று வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்குத் தண்ணி ஊத்து மாப்ள. கெளம்புவோம்."

அன்று சாயங்காலமே கிளம்பினோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில், மாமி பின்னால் மடக்குக் கட்டிலில். முதல் குப்பம் வந்ததும் வண்டியைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு நான் முந்திக்கொண்டு ஓடினேன். அங்கே யாராவது "அப்படி ஒருத்தரையும் பார்க்கலியே" என்று சொல்லிவிட்டால் என் பொய் அதோடு ஒழியும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வேன் பக்கம் போனார். திரையை விலக்கிக்கொண்டு பார்த்த மாமியின் முகத்தைப் பார்த்தார்.

"தெக்கே போயிருக்கான்மா. அப்பிடித்தான் சொன்னாங்க. தண்ணி குடிங்க மொதல்ல" என்றார்.

நான் திகைத்துப் போனேன். நான் இட்டுக்கட்டின பையனை இவர் எப்படிப் பார்த்தார்? ஒருவேளை உண்மையிலேயே யாராவது ஏற்றிப் போயிருப்பார்களோ? பொய் சொன்ன எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஊரிலும் அதே பேச்சு. அதற்கடுத்த ஊரில் பையனுக்கு முழங்காலில் அடி, நொண்டி நொண்டி நடந்தான் என்றார்கள். இன்னொரு குப்பத்தில் ஒரு அம்மாள், "எங்க வூட்டுல ஒரு சொம்பு கூழு குடிச்சிட்டுத்தான் போச்சி புள்ள. வாய் ஓயாம உம்மா உம்மான்னுச்சி" என்றாள். மாமி வேனுக்குள் உட்கார்ந்து நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டார், மகனின் முழங்காலுக்கு.

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பயணத்தில் அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். பிள்ளை முன்னால் போய்க்கொண்டிருக்கிறான், நாளைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள் பிடித்துவிடலாம். வழியில் மழை, மணலில் சக்கரம் புதையும். குப்பத்து ஆட்கள் பத்துப் பேர் வந்து தள்ளிவிடுவார்கள். போகும்போது நாலு மீனைப் பனையோலையில் சுற்றிக் கொடுப்பார்கள். மாமி வேனுக்குள்ளேயே குழம்பு வைப்பார். சாமியார்பேட்டையில் மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், மாமா அவரைக் கையைப் பிடித்து இறக்கி மணலில் நடக்க வைத்தார். அலை வந்து கால் நனைந்ததும் மாமி சின்னப் பெண்ணாட்டம் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரி, சிரி. புள்ளயப் பாத்ததும் திரும்பி வரப்போ மூணு பேருமா இங்க ஒரு நாளு தங்குவோம்" என்றார் மாமா. என்னிடம் திரும்பி, "பினாங்கு மணலு இவ்ளோ நல்லா இருக்காது மாப்ள" என்றார்.

பரங்கிப்பேட்டையில் டீக்கடையில் நின்றபோது ஒரு வலைக்காரரிடம் தனியாகக் கேட்டேன், "நெசமா சொல்லுங்க அண்ணே, அவனப் பாத்தீங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடல்ல புள்ளய உட்டவங்க வந்து கேட்டா, பாக்கலன்னு சொல்ற வழக்கம் எங்களுக்குள்ள இல்ல தம்பி. தெக்கே போயிருக்கான்னுதான் சொல்லுவோம். எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு அதோட அர்த்தம் தெரியும். நாலு ஊரு நடப்பாங்க, நடக்க நடக்க மனசு தேறும், அப்பறம் அவுங்களே திரும்பிடுவாங்க. அவுங்களுக்கு இது தெரியாதா?"

அவர்களுக்குத் தெரியாது. மாமா வலைக்காரர் இல்லை. அவருக்கு ஊரில் ஒரு ஆள் வழி சொன்னால் அது வழிதான். டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வேனை நோக்கி நடந்தேன். மாமா ஸ்டியரிங் மேல் இரண்டு கையும் வைத்துத் தயாராக இருந்தார். "என்னா சொல்றாரு? தெக்கேதானே?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது.

சிதம்பரம் போய், கிழக்கே திரும்பிக் கிள்ளைக்கு வந்தோம். அங்கே யாரும் நொண்டி என்றோ கூழ் என்றோ சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தீவுல கேட்டுப் பாருங்க" என்றார்கள். உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில், கொள்ளிடத்து வாய்க்குப் பக்கத்தில் கிடந்த தீவு அது. நாற்பது ஐம்பது குடிசை. மாமி சின்னப் படகில் உட்காரப் பயந்தார். மாமா வண்டியோடுதான் போவேன் என்றார், பினாங்குக்கு வண்டிகள் படகில்தான் வரும் என்றார். அந்த மனிதர்கள் மறுக்கவில்லை. நெல் ஏற்றும் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, வேனைக் கயிறு போட்டு ஏற்றினார்கள். பதினைந்து பேர் கழியில் இறங்கி, கழுத்துத் தண்ணீரில் நடந்தபடி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தீவுக்குத் தெற்கே சொல்வதற்கு ஊர் இல்லை. ஆறும் கடலும்தான். ஊர்த்தலைவர் மாமாவையும் என்னையும் மணல்மேட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு குச்சி நட்டு, அதில் ஒரு சட்டையைக் கட்டியிருந்தார்கள். தேடி வருகிறவர்கள் அடையாளம் பார்ப்பதற்காக அப்படிக் கட்டிவைப்பார்களாம்.

"ஒம்பது நாளாச்சி பாயி. கரையில கெடந்தாரு. ஒங்க சனம்னு தெரிஞ்சிது. கிள்ளைக்கு ஆளு அனுப்பி, ஒங்காளு ஒருத்தரக் கூட்டியாந்து, ஓத வச்சித்தான் அடக்கம் பண்ணோம். கொறை ஒண்ணும் வைக்கல."

ஒன்பது நாள். நான் மாமியின் முன்னால் நின்று கட்டுமரத்துக் கதையைச் சொன்ன அதே நாள்.

மாமா அவர் சொன்னதையும் நம்பினார். ஒரு சொல்கூடச் சந்தேகப்படவில்லை. தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மண்மேட்டின் முன்னால் நின்று, இரண்டு கையையும் ஏந்தி ஓதினார். ஓதி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், யாரு பெத்த புள்ளயோ. பெத்தவங்க எங்க தேடிக்கிட்டு அலையிறாங்களோ" என்றார். ஊர்த்தலைவர் என்னைப் பார்த்தார்.

மாமி வேனிலிருந்து தானாகவே இறங்கி வந்தார். சட்டையைக் கையில் எடுத்தார். வெள்ளைச் சட்டை, அதில் இரண்டாவது பொத்தான் மட்டும் நீல நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோய் அவர் தைத்தது. அதை விரலால் தடவினார்.

"ஏங்க, இது நம்ம புள்ள சட்டைங்க."

"ஒலகத்துல ஒரே ஒரு வெள்ளச் சட்டைதான் இருக்குதா? நம்ம புள்ளதான் நொண்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கானே. ஆத்தத் தாண்டி நாகப்பட்டணம் பக்கம் போயிருப்பான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் காலில் விழுந்தேன். "மாமா, கட்டுமரத்துல ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னு யாரும் சொல்லல. நானா சொன்னது. மாமி கஞ்சி குடிக்கணும்னு சொன்ன பொய்யி. என்னை அடிங்க மாமா."

அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். என் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். குரலில் கோபமே இல்லை.

"நீ பொய் சொல்லியிருப்பே. வெளையாட்டுப் புத்தி ஒனக்கு. அத்தினி ஊரு சனமும் பொய் சொல்லுமாடா?"

கடலூருக்குத் திரும்பினோம். மகன் இறந்தது உறுதி என்று துறைமுகத்தில் கூடச் சொல்லிவிட்டார்கள், ஊர்ப் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். எல்லாரையும் உட்காரவைத்து டீ கொடுத்து, முழங்கால் அடியையும் கூழையும் சொல்லிப் புரியவைத்து அனுப்பினார் மாமா. இறந்தவர்களுக்கான நாற்பதாம் நாள் கத்தம் மகனுக்காக ஓத வேண்டும் என்று மாமி கேட்டபோதுதான் முதல் தடவையாக அவர் குரலை உயர்த்தியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன். "உசுரோட இருக்கறவனுக்குக் கத்தமா? அவன் காதுல உழுந்தா மனசு என்னா பாடுபடும்?"

அதன் பிறகு மாமி கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் இரண்டு பேரும் வேனில் தெற்கே போவார்கள். குப்பத்து ஆட்கள் அவர்களை அடையாளம் கண்டுகொண்டு புதிது புதிதாகச் சொன்னார்கள். தாடி வைத்திருக்கிறான். ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லுவார். தீவுக்கு மட்டும் மாமி கட்டாயம் போக வேண்டும் என்பார். மாமா, "யாரோ புள்ளயா இருந்தா என்னா, ஓதிட்டு வர்றது நன்மைதான்" என்று கூட்டிப் போவார். அங்கே மண்மேட்டுக்குப் பக்கத்தில் மாமி உட்கார்ந்திருப்பார். கண் கலங்கினால் மாமா பதறிவிடுவார், அதனால் அழவும் மாட்டார். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். அடுத்த வருஷம் போகத் தைரியம் இல்லை. செம்மண்டலத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டேன். வேலைக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறு வருஷம் கழித்து மாமா படுத்துவிட்டார் என்று ஆள் வந்தது. போனேன். உடம்பு பாதியாக இருந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தீவுல, நானாத்தான் சொன்னேன், பொய்யின்னு அழுதியே. ஏன் மாப்ள அப்பிடிச் சொன்னே? அந்தக் கட்டுமரத்துக்காரன் அவன ஏத்திக்கிட்டுப் போனது நெசந்தானே?"

நான் மாமியைப் பார்த்தேன். தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். ஆமாம் என்று சொல் என்பதுபோல் மெதுவாகத் தலையசைத்தார்.

"நெசந்தான் மாமா. ஏத்திக்கிட்டுத்தான் போனாரு."

"அதான பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் இறந்தார்.

வீடு நிறையப் பெண்கள். மாமி சுவரில் சாய்ந்து, வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அதிர்ச்சியில் அழுகை வரவில்லை, அழவைத்துவிட வேண்டும் என்று பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே நான் அழுவலாம் இல்ல, மாப்ள?" என்றார்.

பிறகு அழுதார். தெருவே கேட்டது. கணவரைச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இருபத்திரண்டு வயது மகனின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.